நான்காம் மேசையில் வந்த அளவு

2023–24 கல்வியாண்டில், பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் செய்முறையில் ஒரே ஒரு மேசைக்கு மட்டும் விடை பிசகியது. கம்பிச்சுருளின் மின்தடை எண் 4.9 × 10⁻⁷ ஓம் மீட்டர் வர வேண்டிய இடத்தில் 10.8 × 10⁻⁷ வந்தது. இரண்டு மடங்குக்கும் மேலே. பிசகு எங்கே என்று தேடிக்கொண்டு போனேன். அது கடைசியில் என் சிவப்பு மைக் கையெழுத்தில் வந்து நின்றது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பள்ளி

திருநெல்வேலிப் பக்கத்தில் ஒரு பெண்கள் மேல்நிலைப்பள்ளி. தமிழ் வழி. அந்த ஆண்டு எனக்கு வாய்த்த அறிவியல் பிரிவில் 38 பிள்ளைகள். செய்முறைக்கு இரண்டு அணியாகப் பிரித்தால் அணிக்கு 19 பேர், நான்கு மேசைகள், மூன்று மேசைக்கு ஐந்து பேர், நான்காம் மேசைக்கு நாலு பேர். கருவிகள் ஒவ்வொன்றும் ஒன்றோ இரண்டோதான் என்பதால் சோதனைகள் சுழற்சியில் வரும். இந்த வாரம் முதல் மேசையில் இருக்கும் மீட்டர் பிரிட்ஜ் அடுத்த வாரம் இரண்டாம் மேசைக்குப் போகும்.

மதிப்பெண் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததே. எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, உள்மதிப்பீடு 10. எழுத்துத் தேர்வுக்காக நாங்கள் படும் பாட்டில் பாதிகூடச் செய்முறைக்குப் படுவதில்லை. செய்முறை மதிப்பெண் எப்படியும் வந்துவிடும் என்பது ஆசிரியர்களுக்கும் தெரியும், பிள்ளைகளுக்கும் தெரியும், வெளியிலிருந்து வரும் தேர்வாளருக்கும் தெரியும்.

பெண்கள் பள்ளியில் இயற்பியல் எடுப்பதற்கு ஒரு வசதி உண்டு என்று நான் நெடுநாள் நம்பியிருந்தேன். இருபாலர் பள்ளியில் கருவியைப் பையன்கள் எடுத்துக்கொள்வார்கள், பெண்பிள்ளைகள் நோட்டு எழுதுவார்கள். இங்கே அந்தத் தொல்லை இல்லை. நான் மட்டும் நம்பியதல்ல இது. பிரிட்டனின் இயற்பியல் கழகம் 2012-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, இங்கிலாந்தின் அரசு நிதிப் பள்ளிகளில், பெண்கள் பள்ளி மாணவிகள் மேல்நிலையில் இயற்பியலைத் தேர்ந்தெடுத்தது இருபாலர் பள்ளி மாணவிகளைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு. அந்த எண்ணைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. என் ஆய்வகத்தில் கருவியை யார் தொடுகிறார்கள் என்று அதுவரை நான் எண்ணிப் பார்த்ததில்லை.

அன்று நடந்தது

மீட்டர் பிரிட்ஜ் தெரியாதவர்களுக்காக நாலு வரி. ஒரு மீட்டர் நீளக் கம்பி ஒரு பலகைமேல் இழுத்துக் கட்டியிருக்கும். ஒரு பக்க இடைவெளியில் தெரியாத கம்பிச்சுருள், மறுபக்கம் தடைப்பெட்டி. ஜாக்கி என்கிற தொடுமுனையால் கம்பியைத் தொட்டுக்கொண்டே போனால் ஓரிடத்தில் மின்னோட்டம் காட்டும் கால்வனோமீட்டர் முள் அசையாமல் சுழியில் நிற்கும். அந்த இடம் கம்பியை எந்த விகிதத்தில் பிரிக்கிறதோ அதே விகிதம்தான் இரண்டு தடைகளுக்கும். பிறகு சுருளையும் பெட்டியையும் இடம் மாற்றி வைத்து இன்னொரு முறை. சுருளின் தடை தெரிந்ததும், ஸ்க்ரூ கேஜால் கம்பியின் விட்டம் பார்த்து, நீளமும் எடுத்து, மின்தடை எண்ணைக் கணக்கிடலாம். கம்பி எந்தப் பொருளில் ஆனதோ அதைப் பொறுத்தது அந்த எண். வீட்ஸ்டன் பிரிட்ஜின் எளிய வடிவம். (அந்தச் சுற்றை 1833-ல் முதலில் சொன்னவர் கிறிஸ்டி என்பவர், பத்து வருடம் கழித்து அதைப் பிரபலப்படுத்திய வீட்ஸ்டன் பேர்தான் நிலைத்தது.)

எங்கள் சுருள் 50 சென்டிமீட்டர் யுரேகா கம்பி. செம்பும் நிக்கலும் கலந்தது, கான்ஸ்டன்டன் என்றும் சொல்வோம். இருப்புப் பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது. விட்டம் 0.46 மில்லிமீட்டர், கம்பித் தடிமன் கணக்கில் 26-ஆம் கேஜ். விடை 4.9 × 10⁻⁷. முதல் மூன்று மேசைகளும் முந்தைய வாரங்களில் செய்து முடித்து, விடை சரியாக வந்து, நானும் கையெழுத்துப் போட்டாயிற்று.

நான்காம் மேசைக்குக் கருவி வந்தது. அந்த நாலு பேரும் வகுப்பில் மெதுவான பிள்ளைகள் என்று பேர் வாங்கியவர்கள். ஒருத்தி மட்டும் கைவேலையில் கெட்டி. அப்பா மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். அவளை இந்த ஆய்வு முழுக்க நான்காம் மேசைக்காரி என்றே சொல்கிறேன், பேர் வேண்டாம்.

பெட்டியில் 2 ஓம் வைத்தால் சுழி 61.9 சென்டிமீட்டரில் வந்தது. இடம் மாற்றினால் 38.3. அவள் என்னிடம் வந்து, "டீச்சர், எங்களுக்கு 42.4 வரல" என்றாள். 42.4 என்பது மற்ற மேசைகளின் நோட்டில் இருந்த எண்.

நான் போய்ப் பார்க்கவில்லை. இருந்த இடத்திலிருந்தே, "பெட்டியில சாவி நல்லா திருகியிருக்கா பாரு" என்றேன். தடைப்பெட்டியின் செருகிகள் தளர்ந்திருந்தால் தடை கூடும், உண்மைதான். திருகிப் பார்த்தாள். 61.9. "செல் இறங்கியிருக்கும்" என்றேன். அது நான் சொல்லவே கூடாத காரணம். செல் இறங்கினால் முள்ளின் வேகம் குறையுமே தவிர, சுழி நிற்கும் இடம் மாறாது. இந்தச் சுற்றின் அழகே அதுதான். அந்தக் குழந்தையிடம் ஒரு இயற்பியல் ஆசிரியை சொன்னது இது. பிறகு, கணக்கில் பாதியாக்க மறந்திருப்பாள், ஆரத்துக்குப் பதில் விட்டத்தைப் போட்டிருப்பாள் என்று நினைத்தேன். அதுவும் இல்லை, ஆரத்துக்குப் பதில் விட்டம் போட்டால் விடை நாலு மடங்காகும், இது 2.2 மடங்கு.

கடைசியாக, "ஸ்க்ரூ கேஜ் தப்பாப் பாத்திருப்ப. போய் மறுபடி பாரு" என்றேன்.

அப்போதுதான் அவள் சொன்னாள்: "டீச்சர், இது அடுப்புக் கம்பி மாதிரி இருக்கு டீச்சர்."

மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, ஆனால் அதைவிட மோசமாக ஒன்று செய்தேன். "அதெல்லாம் இல்லை. பதிவேட்டில யுரேகான்னு இருக்கு" என்று முடித்துவிட்டேன். மணி அடித்தது.

சாயங்காலம்

நான்கு மேசைகளின் நோட்டும் என் மேசையில் இருந்தன. நான்காம் மேசையின் தாளைத் திருத்த எடுத்தபோது ஸ்க்ரூ கேஜ் அட்டவணை கண்ணில் பட்டது. ஐந்து இடங்களில் விட்டம் பார்த்திருக்கிறாள்; சுழிப்பிழை எழுதியிருக்கிறாள்; எல்லாம் 0.45, 0.46, 0.47-க்குள். விடை 4.9 ஆக வேண்டுமென்றால் விட்டம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று ஓரத்தில் கணக்குப் போட்டேன். 0.31 மில்லிமீட்டர். ஐந்து இடத்திலும் ஒரு பிள்ளை ஒரே மாதிரி 0.15 மில்லிமீட்டர் தப்பாகப் பார்ப்பது நடக்காது. ஸ்க்ரூ கேஜில் பிள்ளைகள் செய்யும் தப்பு வேறு மாதிரி: புரிக்கோலில் ஒரு கோட்டை விட்டுவிடுவார்கள், விட்டம் அரை மில்லிமீட்டரோ ஒரு மில்லிமீட்டரோ தாவும்.

முனைத்திருத்தம்? செம்புப் பட்டையும் கம்பியும் சேருமிடத்தில் கொஞ்சம் கூடுதல் தடை இருக்கும், அதைப் போக்கத்தான் இடம் மாற்றிச் செய்கிறோம். 61.9-ம் 38.3-ம் கூட்டினால் 100.2. இரண்டு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். முனைகளில் பெரிய கோளாறு இல்லை.

எழுந்து ஆய்வகத்துக்குப் போய் நானே சுற்றை இணைத்தேன். 2 ஓம் வைத்து, ஜாக்கியை 42.4-ல் தொட்டேன். முள் ஓரத்துக்கு ஓடி முட்டிக்கொண்டு நின்றது. மெல்ல நகர்த்திக்கொண்டே போனேன். 61.8-க்கும் 61.9-க்கும் நடுவில் அடங்கியது.

அதே சுருள். அதே கருவி. முதல் மூன்று மேசைகளிலும் 42.4 என்று எழுதி நான் கையெழுத்திட்டதும் இதே கருவியில்தான்.

மறுநாள் ஆய்வக உதவியாளரிடம் கேட்டேன். அவர் கொஞ்சமும் தயங்காமல், "ஆமா டீச்சர், கொரோனா முடிஞ்சு ஸ்கூல் தொறந்தப்ப அந்தச் சுருள் பாசி பிடிச்சு ஒடிஞ்சு கெடந்துச்சு. தடிமன் ஒத்துவர்ற கம்பியாப் பாத்து கடையில வாங்கி மாட்டிட்டேன். கரண்ட் அடுப்புக்குப் போடுறதுதான்" என்றார். நல்ல மனுஷர், சோதனை நின்றுவிடக் கூடாதென்று தன் கைக்காசைப் போட்டுச் செய்திருக்கிறார். 26-ஆம் கேஜ் பார்த்து வாங்கியதால் ஸ்க்ரூ கேஜிலும் வித்தியாசம் தெரியவில்லை. அது நிக்ரோம், நிக்கலும் குரோமியமும் கலந்தது. நிக்ரோமின் மின்தடை எண் 10 முதல் 11 × 10⁻⁷ வரை. நான்காம் மேசையின் 10.8 அச்சு அசலாகப் பொருந்தியது.

அப்படியானால் கொரோனாவுக்குப் பிறகு வந்த ஒவ்வொரு அணியும், இல்லாத ஒரு கம்பியின் மின்தடை எண்ணை அளந்து, சரியான விடை கண்டு, என்னிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறது.

ஏன்

முதலில் கோபம்தான் வந்தது. வகுப்பில் நேர்மையைப் பற்றிப் பதினைந்து நிமிடம் பேசினேன். அண்ணா மணியைப் பற்றிச் சொன்னேன். 1918-ல் பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, பெங்களூரில் ராமனிடம் மாணிக்கத்தின், வைரத்தின் நிறமாலைகளை ஆராய்ந்தவர். பிறகு இந்திய வானிலைத் துறையில் நூறு கருவிகளுக்குப் பக்கமாகத் தரப்படுத்தியவர். தப்பாக அளப்பதைவிட அளக்காமலிருப்பதே மேல் என்பதில் பிடிவாதமாக இருந்தவர். நன்றாகத்தான் பேசினேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "அவங்களுக்கு டாக்டர் பட்டம் குடுக்கலையாமே டீச்சர்?" உண்மைதான். முதுகலைப் பட்டம் இல்லை என்று சொல்லி முனைவர் பட்டம் மறுத்துவிட்டார்கள். நேர்மைப் பேச்சு அதோடு முடிந்தது. அவ்வளவுதான் அதற்குத் தகுதியும்.

பிறகு கோபத்தை இறக்கி வைத்துவிட்டு ஒவ்வொரு மேசையாக உட்கார்ந்து கேட்டேன். "42.4 எங்கேயிருந்து வந்துச்சு?"

"அக்கா ரெக்கார்டு டீச்சர்."

போன வருடத்து அக்காவின் ரெக்கார்டு நோட்டு. அந்த அக்காவுக்கு அதற்கு முந்தைய அக்கா. எங்கள் பள்ளியில் ரெக்கார்டு நோட்டு பாவாடை தாவணிபோலக் கைமாறும். ஊரில் இருக்கும் பழைய மாணவிகளிடமிருந்து மூன்று நோட்டுகள் வாங்கிப் பார்த்தேன். மூன்றிலும் 42.4. அட்டவணையின் மற்ற வரிசைகளிலும் தசமப் புள்ளி மாறவில்லை.

ஏன் செய்து பார்க்கவில்லை என்பதற்கு முதல் மேசைப் பிள்ளை சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "செஞ்சோம் டீச்சர். அறுபத்தி ரெண்டுகிட்ட வந்துச்சு. அக்கா நோட்டுல வேற இருந்துச்சு. உங்ககிட்ட காட்டினா திரும்பச் செய்னு சொல்வீங்க. 4.35 பஸ் போயிரும்."

இதில் சோம்பேறித்தனம் எங்கே இருக்கிறது? எங்கள் ஊருக்கு அடுத்த பேருந்து ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான். இருட்டிய பிறகு வயசுப்பிள்ளை தனியாக வந்து இறங்கினால் மறுநாள் வீட்டில் படிப்பை நிறுத்துவதைப் பற்றிப் பேச்செடுப்பார்கள். ஆண்கள் பள்ளியில் "இருந்து முடித்துவிட்டுப் போ" என்று சொல்லிவிடலாம். இங்கே அது முடியாது. தன் கண்ணால் பார்த்த 62-ஐ விட அக்காவின் 42.4 அவர்களுக்குப் பத்திரமான எண்ணாக இருந்தது. அதைப் பத்திரமாக்கியது நான்தான். விடை பார்த்துத்தான் நான் கையெழுத்துப் போடுவேன், அளவீட்டைப் பார்த்தல்ல.

இன்னொன்றும் வெளியே வந்தது. அடுத்த மூன்று வாரம் ஆய்வக மூலையில் ஒரு தாளோடு உட்கார்ந்து, யார் கருவியைத் தொடுகிறார்கள் என்று பேருக்கு நேரே கோடு போட்டேன். அந்த அணியில் இருந்த பத்தொன்பது பேரில் ஜாக்கியையோ ஸ்க்ரூ கேஜையோ ஒருமுறையேனும் கையில் எடுத்தவர்கள் ஏழு பேர். பையன்கள் யாரும் இல்லாத அறையில்! மேசைக்கு ஒருத்தி, இரண்டு பேர். மற்றவர்களுக்கு வேறு வேலை இருந்தது. கையெழுத்து நன்றாக இருக்கும் பிள்ளை அட்டவணை போடும். ஒருத்தி ஸ்கெட்ச் பேனாவால் அடிக்கோடு போடும். ஒருத்தி படம் வரையும். ஒருத்தி அக்கா நோட்டைப் பிடித்துக்கொண்டு வாசிக்கும். எங்கள் பள்ளி ரெக்கார்டுகள் அழகானவை. வெளித்தேர்வாளர்கள் புரட்டிப் பார்த்துவிட்டு, "பொம்பளப் புள்ளைங்க ரெக்கார்டுன்னா தனிதான்" என்பார்கள். அதைக் கேட்டு நான் பூரித்திருக்கிறேன். அந்த அழகுக்கு நான் மதிப்பெண்ணும் கொடுத்திருக்கிறேன். பிள்ளைகள் எனக்கு எது பிடிக்கும் என்று பார்த்து அதைச் செய்தார்கள்.

நான்காம் மேசை ஏன் தப்பியது? அந்த நாலு பேரில் யாருக்கும் அக்கா ரெக்கார்டு கிடைக்கவில்லை. அவ்வளவுதான். நேர்மையால் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அவர்களே சொன்னது இது. நோட்டு இல்லாததால் அளந்தார்கள். அளந்தபோது அந்த ஒருத்திக்குக் கம்பியின் நிறம் உறுத்தியது. யுரேகாவில் லேசான மஞ்சள் கலந்த வெள்ளி நிறம் இருக்கும், இது கருஞ்சாம்பல். அப்பா கடையில் செம்புக் கம்பியைக் கேஜ் எண் சொல்லி எடுத்துக் கொடுக்கும் பிள்ளைக்கு அது தெரியும். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மாற்றிப் பார்த்தவை

முதலில் செய்தது தோற்றது. ஒவ்வொரு மேசைக்கும் பேர் சொல்லாமல் வேறுவேறு கம்பி கொடுத்தேன். விடை எனக்கு மட்டும் தெரியும் என்றேன். கலவரம். அடுத்த அணியிடம் கேட்டார்கள், உதவியாளரைக் கெஞ்சினார்கள், ஒரு பிள்ளை அழுதது. விடையில்லாத அறையில் அவர்களை ஒரே நாளில் தள்ளிவிட்டது என் தப்பு. நாலு பாடவேளை போயிற்று. அரையாண்டுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது; தலைமையாசிரியர் "போர்ஷன் எங்கே நிக்குது?" என்று கேட்டதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாவது யோசனையைத் தந்தது பிள்ளைகள்தான் என்று சொல்ல வேண்டும். அக்கா நோட்டைத் தடை செய்யப் போகிறேனா என்று ஒருத்தி பயந்துகொண்டே கேட்டாள். தடை செய்தால் புத்தகப் பைக்குள் போகும், வேறென்ன? அதனால் திருப்பிச் சொன்னேன்: எல்லோரும் அக்கா நோட்டைக் கொண்டு வாங்க. மேசைமேல் விரித்து வைங்க. முதல் வேலை, ஜாக்கியை அக்கா சொன்ன இடத்தில் வைத்து முள்ளைப் பாருங்க. அக்கா சரியா, இல்லையா?

இது பிடித்துக்கொண்டது. ஆசிரியரைச் சந்தேகப்படுவது கஷ்டம். பாடப்புத்தகத்தைச் சந்தேகப்படுவது பாவம். அக்காவைச் சந்தேகப்படுவது வீட்டிலேயே பழக்கம். முள் ஓரத்தில் போய் முட்டும்போதெல்லாம் ஒரு கூச்சல் எழும்.

அந்தக் கூச்சலில் டேன்ஜென்ட் கால்வனோமீட்டரும் அகப்பட்டது. காந்த ஊசி திரும்பும் கோணத்தைப் பார்த்து, பூமியின் காந்தப்புலக் கிடைத்தளக் கூறு காணும் சோதனை. எங்கள் ஊருக்கு இது தனி ருசியுள்ள சோதனை. காந்த நடுக்கோடு தெற்கே மிக அருகில் போகிறது. தும்பாவில் 1963-ல் ராக்கெட் ஏவுதளம் அமைந்ததற்கும் அந்தக் கோடுதான் காரணம். நெல்லைக்குப் பக்கத்தில் கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இருப்பதற்கும் அதுதான் காரணம். தொங்கவிட்ட காந்த ஊசி இங்கே ஏறக்குறையப் படுக்கையாகவே நிற்கும்; புலத்தின் பெரும்பங்கும் கிடைத்தளத்தில்தான், சுமார் 4 × 10⁻⁵ டெஸ்லா. அக்கா நோட்டுகளில் இந்த விடை அழகாக வந்திருந்தது. பிள்ளைகள் அளந்தால் ஒரு மேசைக்கு ஒன்று வந்தது. ஒரே மேசையில் ஒரே மின்னோட்டத்துக்கு இரண்டு பேர் இரண்டு கோணம் பார்த்தார்கள்.

அரைமணி நேரச் சண்டைக்குப் பிறகு மூன்றாம் மேசைப் பிள்ளை ஒருத்தி, குனிந்து பார்க்கும்போது மட்டும் ஊசி அசைகிறது என்று கண்டுபிடித்தாள். தாவணியில் குத்தியிருந்த ஊக்கு. தலையில் ஹேர்பின். இரும்பு! பள்ளியில் 38 பேருக்கும் மடிப்பு நிற்பதற்கு ஊக்கு கட்டாயம். அன்று ஊக்கையெல்லாம் கழற்றி ஒரு டப்பாவில் போட்டு அறைக்கு வெளியே வைத்துவிட்டு அளந்தார்கள். மேசையின் இரும்புக் கால் மிச்சமிருந்தது. கருவியை மரப் பெஞ்சுக்கு மாற்றினோம். அளவுகள் ஒன்றையொன்று நெருங்கி வந்தன. எந்தப் பாடப்புத்தகத்தின் 'முன்னெச்சரிக்கை' பகுதியிலும் தாவணி ஊக்கு என்று நான் வாசித்ததில்லை. காந்தப் பொருள்களை அப்புறப்படுத்துக என்று இருக்கும். அதை எழுதிக்கொண்டே ஊக்குக் குத்திய தோளோடு குனிவோம்.

மூன்றாவதாக ஒரு சின்ன விதி. ரெக்கார்டு அப்புறம், அன்றைய அளவுகளை ஒரு சாதாரணத் தாளில், பேனாவால், அடித்தல் திருத்தலோடு எழுதி, 4.20-க்குள் என்னிடம் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். விடை வேண்டாம். கணக்கு வீட்டில். விடை விலகியிருந்தால் ஏன் என்று இரண்டு வரி. திரும்பச் செய்யச் சொல்லமாட்டேன். இந்த விதிக்கும் பேருந்துக்கும் சண்டையில்லை. அதனால்தான் நிலைத்தது என்று நினைக்கிறேன். ஜாக்கி பிடிப்பவள் வாரம் ஒருத்தி என்று முறை வைத்ததும் இதோடுதான். முறை வந்தும் தொடாமல் பின்வாங்கிய மூன்று பேர் கடைசிவரை இருந்தார்கள். "கரண்டைத் தொடாதே" என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்களுக்கு இரண்டு வோல்ட் சுற்றும் கரண்டுதான்.

அளந்து சரிபார்க்க, உதவியாளர் வேறு இரண்டு கம்பி வாங்கி வந்தார்: புது யுரேகா ஒன்று, கடையில் அடுப்புக் கம்பி இன்னொன்று. நான்காம் மேசைக்காரி இரண்டையும் காந்தத்தில் ஒட்டிப் பார்த்தாள். அடுப்புக் கம்பி ஒட்டிக்கொண்டது. நிக்ரோம் ஒட்டாது, இது இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்த 'காந்தால்' என்கிற வகை. அதன் மின்தடை எண் நிக்ரோமைவிடவும் அதிகம், 14 × 10⁻⁷ பக்கம். கடைக்காரருக்கு எல்லாமே அடுப்புக் கம்பிதான்.

புது யுரேகாவை 50 சென்டிமீட்டர் வெட்டி மாட்டி, பெட்டியில் 2 ஓம் வைத்தோம். சுழி 42.4-ல் நின்றது.

அந்த நிமிடம் என் மனம் கொஞ்சம் மாறியது. 42.4 பொய்யாகப் பிறந்த எண் அல்ல. ஏதோ ஒரு வருடம், யாரோ ஒரு பிள்ளை, பழைய நல்ல சுருளில், இதே கம்பிமேல் ஜாக்கியை நகர்த்தி நகர்த்தி, முள் அடங்கிய இடத்தைக் குனிந்து பார்த்து அதை எழுதியிருக்கிறாள். அவள் யாரென்று பழைய நோட்டுகளில் தேடினேன். கிடைக்கவில்லை.

ஜனவரியில்

எல்லாம் திருந்திவிட்டது என்று எழுத வேண்டிய இடம் இது. ஜனவரியில் மறுபயிற்சிக்கு அதே நிக்ரோம் சுருளை முதல் மேசைக்குக் கொடுத்தேன். அழகாக 61.9, 38.3, விடை 10.8. மகிழ்ந்துபோய்க் கிட்டே போனால், சாவி இணைக்கப்படவில்லை. சுற்றில் மின்னோட்டமே இல்லை. நான்காம் மேசையின் தாள் நோட்டுக்கு அடியில் இருந்தது. அக்காவின் இடத்தில் நான்காம் மேசைக்காரியை உட்கார்த்திவிட்டார்கள்.

நான் திட்டவில்லை. பெட்டியில் 3 ஓம் வைத்து, "இப்ப எங்க நிக்கும்னு சொல்லுங்க, பிறகு தொடுங்க" என்றேன். நோட்டில் அந்த வரிசையும் இருந்தது, 51.9, அதைத் தாண்டி 2.5 ஓம் வைத்தபோதுதான் கணக்கில் இறங்கினார்கள். எந்த நோட்டிலும் இல்லாத எண்ணைக் கேட்டால் மட்டுமே பிள்ளை யோசிக்கிறது. செய்முறை வகுப்புகளில் இப்போது நான் கேட்பதெல்லாம் அரை ஓம் எண்கள்தான்.

தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கையில் நான்காம் மேசைக்காரி ஒரு கேள்வியோடு வந்தாள். "டீச்சர், எக்ஸாம்ல இந்தச் சுருள் வந்தா எதை எழுதணும்? வர்றவங்க 4.9தானே எதிர்பார்ப்பாங்க?"

இந்தக் கேள்விக்கு நேரான பதில் ஒன்று இருக்கிறது. நான் அதைச் சொல்லவில்லை. மதிப்பெண் அவளுடையது, என்னுடையதல்ல. வெளித்தேர்வாளர் கருவியைப் பார்ப்பாரா, விடையைப் பார்ப்பாரா என்று எனக்கு உத்தரவாதம் இல்லை. "நான் பாத்துக்கிறேன்" என்றேன். அன்று மாலையே நிக்ரோம் சுருளைக் கழற்றிவிட்டுப் புது யுரேகாவை மாட்டினேன். இனி அளந்தாலும் காப்பியடித்தாலும் விடை ஒன்றுதான். அவளை அந்தச் சங்கடத்திலிருந்து காப்பாற்றினேன் என்று சொல்லிக்கொள்ளலாம். என்னையும் சேர்த்துத்தான் காப்பாற்றிக்கொண்டேன்.

சுருள் மாறியதை அவள் பார்த்துவிட்டாள். நிறத்தைப் பார்த்திருப்பாள். ஒன்றும் கேட்கவில்லை.

தேர்வன்று சீட்டெடுப்பில் அவளுக்கு வந்தது ஜீனர் டையோடு சோதனை.

கழற்றிய நிக்ரோம் சுருள் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. இருப்புப் பதிவேட்டில் அதற்கு வரிசை இல்லை. வாங்கியதாகக் கணக்கே இல்லாத பொருளை எந்தத் தலைப்பில் ஏற்றுவது என்று எழுத்தரிடம் கேட்டிருக்கிறேன்.